உலகக் கோப்பை முகாமில் வீரர்களின் ஓட்டச் சுமையை அளப்பது எப்படி

2022 கத்தார் உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ஆடிய நாட்கள்: நவம்பர் 22, 26, 30, டிசம்பர் 3, 9, 13, 18. 27 நாட்களில் ஏழு ஆட்டங்கள், அவற்றில் இரண்டு 120 நிமிடம் வரை போனவை. நவம்பர் 30க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே இருந்தது இரண்டே முழு நாட்கள். இப்படிப்பட்ட அட்டவணையில் யாருடைய உடற்தகுதியையும் வளர்க்க முடியாது. வரும்போது கொண்டுவந்ததைக் கரையாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

அதனால் அளவிடும் குழு ஒவ்வொரு இரவும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். நாளை யாருக்குச் சுமையைக் குறைக்க வேண்டும்? யாருக்குக் கூட்ட வேண்டும்? முதல் கேள்வியை எல்லா அணிகளும் கேட்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிய இரண்டாவது கேள்வியைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியும் அதில்தான் கூடுதல் நேரம் நிற்கும்.

முகாம் தொடங்குமுன்

வீரர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அவருடைய கிளப்பின் உடற்தகுதிப் பயிற்சியாளருக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை: கடைசி ஆறு வாரங்களில் ஆடிய நிமிடங்கள், வாரம்தோறும் மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடிய தூரம், இந்தப் பருவத்தில் எட்டிய உச்ச வேகமும் அதன் தேதியும், கடந்த 12 மாதத் தசைக் காயங்கள். இவற்றோடு, எந்தக் கருவி, எந்த வேக வரம்பு என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் மற்ற எண்களால் பயனில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் வேக ஓட்டம் மணிக்கு 19.8 கி.மீ.யிலும், ஸ்பிரிண்ட் எனும் முழுவேகப் பாய்ச்சல் 25.2 கி.மீ.யிலும் தொடங்கும். சில கிளப்புகள் 20, 25 என்று வைத்திருக்கும். சில கிளப்புகள் வீரரின் உச்ச வேகத்தில் இத்தனை சதவீதம் என்று தனித்தனி வரம்பு போடும்.

26 வீரர்கள் பதினைந்து கிளப்புகளிலிருந்து வந்தால் அந்த எண்களை ஒரே அட்டவணையில் அடுக்காதீர்கள். வெவ்வேறு கடைத் தராசில் நிறுத்ததை ஒன்றாகக் கூட்டிய கதையாகிவிடும். ஒவ்வொருவரின் கிளப் கணக்கையும் அதற்குள்ளேயே விகிதமாக மாற்றுங்கள். கடைசி இரண்டு வாரச் சராசரியை ஆறு வாரச் சராசரியால் வகுத்தால், 0.6 வருபவர் ஓட்டம் குறைந்த நிலையில் வருகிறார், 1.2 வருபவர் களைத்து வருகிறார். கருவி எதுவானாலும் இந்த விகிதத்தை நம்பலாம்.

போட்டி எந்த மாதத்தில் நடக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2022இல் ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் நவம்பர் 13 வரை ஓடின, உலகக் கோப்பை 20ஆம் தேதி தொடங்கியது. வீரர்கள் ஆட்டச் சூட்டோடு நேரே வந்தார்கள். ஜூன், ஜூலையில் நடக்கும் போட்டிக்கு வருபவர்களில் சிலர் சீசன் முடிந்து இரண்டு, மூன்று வாரம் ஓடாமல் இருந்திருப்பார்கள். அவர்களை முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிட்டால் ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். உச்ச வேகத்தின் 80 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாறு நாட்களில் 95க்குக் கொண்டுவாருங்கள்.

ஜிபிஎஸ் கருவியும் உள்சட்டையும்

பயிற்சியில் எல்லோரும் அணிவது, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே சிறு பையில் கருவி உட்காரும் இறுக்கமான உள்சட்டை. பரவலாக இருக்கும் கருவிகள் இடத்தை நொடிக்கு 10 தடவையும், உடலின் அசைவை முடுக்கமானி மூலம் நொடிக்கு 100 தடவையும் பதிகின்றன.

ஒரு வீரருக்கு ஒரே கருவி, போட்டி முடியும்வரை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளுக்கு நடுவிலும் சிறு வித்தியாசம் உண்டு. இன்று 7ஆம் எண், நாளை 12ஆம் எண் என்று மாற்றிக் கொடுத்தால், அந்த வித்தியாசம் வீரரின் களைப்பு போலத் தெரியும். நான்கு கருவிகள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். உபரியை எடுத்த நாளை அட்டவணையில் குறித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு 15 நிமிடம் முன் கருவிகளைத் திறந்தவெளியில் இயக்கி வையுங்கள். உடைமாற்றும் அறைக்குள் இயக்கி, அணிந்துகொண்டு வெளியே வந்தால் செயற்கைக்கோள் பிடிபடும்வரை முதல் சில நிமிடங்கள் குப்பையாகத்தான் பதியும். உள்சட்டை தளர்வாக இருந்தால் கருவி குதித்து, முடுக்கமானியின் கணக்கு வீங்கும். உடம்பு இளைத்த வீரருக்கு ஒரு அளவு சிறிய சட்டை கொடுங்கள். போட்டி நடக்கும்போது கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். புதுப்பிப்பு ஸ்பிரிண்ட் எண்ணும் முறையையே மாற்றிவிடலாம், பிறகு முதல் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் ஒப்பிட வழியில்லை.

உயரமான கூரையுள்ள மைதானத்தில் ஜிபிஎஸ் தடுமாறும். கூரையும் கேலரியும் வானத்தை மறைக்கும், சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும், வீரர் ஒரே நொடியில் சில மீட்டர் தாவியதாகப் பதியும். மணிக்கு 38 கி.மீ.க்கு மேல் வேகம் காட்டினால் அதை நம்பாதீர்கள். அந்த நொடியின் வேக வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உண்மையான ஓட்டம் படிப்படியாக ஏறி இறங்கும், பிழை ஊசி முனையாக நிற்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு உச்ச வேகத்தை மறுபடி எடுங்கள். இப்படி ஒரு பொய் உச்சம் வீரரின் சாதனையாகப் பதிந்துவிட்டால், அதற்குப் பின் அவருடைய எல்லா சதவீதங்களும் தாழ்ந்தே தெரியும்.

ஆட்டத்துக்கு வேறு அளவுகோல்

ஆட்டத்தில் உடலில் அணியும் கருவிகளுக்கு 2015 முதல் விதிகள் இடம் தருகின்றன. கருவி ஆபத்தில்லாதது என்பதற்கான தர முத்திரை வேண்டும். ஆனாலும் உலகக் கோப்பை ஆட்டங்களின் ஓட்டக் கணக்கு பெரும்பாலும் கேமராவிலிருந்தே வருகிறது. 2018 ரஷ்யாவில் ஒவ்வொரு அணிக்கும் ஃபிஃபா டேப்லெட்டுகள் கொடுத்து, கேலரியில் இருக்கும் ஆய்வாளர், பெஞ்ச், மருத்துவக் குழு என்று பிரித்துத் தகவல் போக வழி செய்தது. 2022இல் ஆஃப்சைடு தீர்ப்புக்காகக் கூரைக்கு அடியில் பொருத்திய 12 கேமராக்கள், ஒரு வீரர் உடம்பில் 29 புள்ளிகள் வரை, நொடிக்கு 50 தடவை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 தடவை செய்தி அனுப்பியது. உருகுவேக்கு எதிரான போர்ச்சுகலின் முதல் கோலில் ரொனால்டோவின் தலை பந்தில் படவில்லை என்று காட்டிக்கொடுத்தது அந்தச் சென்சார்தான். சுவையான விஷயம், ஆனால் ஓட்டச் சுமைக் கணக்குக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஃபிஃபாவின் ஆட்ட அறிக்கை ஆண்கள் ஓட்டத்தை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கிறது: மணிக்கு 0–7, 7–15, 15–20, 20–25, 25 கி.மீ.க்கு மேல். பெண்கள் உலகக் கோப்பையில் வரம்புகள் வேறு: 7, 13, 19, 23. பெண்கள் அணியோடு வேலை செய்பவர்கள் ஆண்கள் வரம்பை அப்படியே போட்டால் ஸ்பிரிண்ட் கணக்கு ஏறக்குறைய காலியாக வரும். “இவர்கள் வேகமாக ஓடவில்லை” என்று யாராவது தவறாக முடிவு கட்டுவார்கள்.

பயிற்சி ஜிபிஎஸ்ஸில், ஆட்டம் கேமராவில். இரண்டையும் எப்படிக் கூட்டுவது? போட்டிக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்றில் வீரர்களுக்கு உள்சட்டை அணிவித்து, அதே ஆட்டத்தின் கேமராக் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகப் பகுதிக்கும் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, ஆட்ட எண்களை அந்த விகிதத்தால் மாற்றியபின் சேருங்கள். மொத்தத் தூரம் இரண்டிலும் நெருங்கி வரும். 25 கி.மீ.க்கு மேல் ஓடிய தூரம்தான் கணிசமாக வேறுபடும், ஏனென்றால் வேக வரைபடத்தை மென்மையாக்கும் முறையும், எத்தனை நொடி தாண்டினால் ஸ்பிரிண்ட் என்ற விதியும் இரண்டிலும் வெவ்வேறு. நட்பு ஆட்டம் கிடைக்காவிட்டால் இரண்டையும் கூட்டவே வேண்டாம். தனித்தனி வரிசையில் வையுங்கள்.

நிமிடக் கணக்கில் 90 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 2022இல் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் இழப்பு நேரம் மட்டும் 25 நிமிடத்தைத் தாண்டியது. முழு ஆட்டம் ஆடியவர் அத்தனை நிமிடமும் கூடுதலாக ஓடியிருக்கிறார்.

எந்த எண்கள் போதும்

மென்பொருள் நூற்றுக்கணக்கான அளவுகளைக் கக்கும். முகாமில் ஐந்து போதும்: களத்தில் இருந்த நிமிடங்கள், மொத்தத் தூரம், 20 கி.மீ.க்கு மேல் ஓடிய தூரம், ஒரே வினாடியில் வேகத்தை வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் கூட்டிய, குறைத்த தடவைகள், கடைசியாக உச்ச வேகத்தின் 90 சதவீதத்தைத் தாண்டிய நாள். ஐந்தாவதை எந்த மென்பொருளும் முகப்பில் காட்டாது, நீங்களே எழுதி வைக்க வேண்டும். உச்ச வேகம் 34 கி.மீ. உள்ள விங்கருக்கு (பக்கவாட்டில் ஓடும் தாக்குதல் வீரர்) அந்தக் கோடு 30.6. அவர் ஏழு நாளாக அதைத் தொடவில்லை என்றால் அந்த வரி சிவப்பாக வேண்டும். மொத்தத் தூரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தூரத்தை, வீரர் களத்தில் ஆடும் இடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். வெளிக்கள வீரர்கள் ஓர் ஆட்டத்தில் பொதுவாக 10 முதல் 13 கி.மீ. ஓடுவார்கள், கோல்கீப்பர் அதில் பாதி. நடுத் தற்காப்பு வீரரான சென்டர்பேக் 9.5 கி.மீ. ஓடியதைப் பார்த்து அவர் சோம்பேறி என்று சொல்வது கால்பந்து தெரியாதவர் பேச்சு.

கருவி காட்டாததை வீரரின் வாய் சொல்லும். ஆட்டமோ பயிற்சியோ முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஓர் எண் கேட்டு, அதை நிமிடங்களால் பெருக்குங்கள். 95 நிமிட ஆட்டத்துக்கு 8 சொன்னால் 760. 60 நிமிடப் பயிற்சிக்கு 3 என்றால் 180. முடிந்த உடனே கேட்டால் கடைசி ஐந்து நிமிடத்தின் கோபமோ குஷியோதான் பதிலாக வரும். தோற்ற ஆட்டத்துக்குப் பின் எல்லாரும் ஒரு புள்ளி கூடவே சொல்வார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

ஏழு நாள் சுமையை 28 நாள் சராசரியால் வகுக்கும் பிரபலமான கணக்கைக் காய எச்சரிக்கை விளக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த முறைக்கு ஆய்வாளர்களிடமே கடும் எதிர்ப்பு உண்டு. அதை ஒதுக்கிவைத்தாலும், முகாமில் உங்களிடம் ஒரே கருவியில் அளந்த 28 நாள் கணக்கு இருக்காது. போட்டி முடியும்போதுதான் அது சேரும்.

காலைச் சோதனை

காலை உணவுக்கு முன், வீரரின் கைப்பேசியிலேயே, நான்கு கேள்விகள்: தூக்கம், களைப்பு, தசைவலி, மன அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் 1 (நலம்) முதல் 7 (மோசம்) வரை. பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் எல்லாரும் நலமாகத்தான் இருப்பார்கள். காலிறுதிக்கு முந்தைய நாள் தசைவலியை மறைக்காத வீரர் அபூர்வம். அதனால் அணிச் சராசரியோடு ஒப்பிடாமல் அவரவர் வழக்கத்தோடு ஒப்பிடுங்கள். எப்போதும் 2 போடுபவர் திடீரென 4 போட்டால் பிசியோ (இயன்முறை மருத்துவர்) போய்ப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் தினமும் ஒரே எண் போடுபவர் கேள்வியைப் படிப்பதே இல்லை. அவரிடம் நேரில் கேளுங்கள்.

பொய் சொல்லாத சோதனை ஒன்றையும் சேருங்கள். மலிவானதும் நல்லதும் தொடையிடுக்கு அழுத்தச் சோதனை. வீரர் மல்லாந்து படுத்து முழங்கால்களைச் சற்று மடக்கிக்கொள்ள, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை 10 மி.மீ. பாதரசம் வரை ஊதி முழங்கால்களுக்கு இடையே வைத்து, முழு பலத்தோடு ஐந்து நொடி நெருக்கச் சொல்லுங்கள். மூன்று தடவையில் அதிகமானதை எழுதுங்கள். பட்டையின் இடம், முழங்கால் கோணம், நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வலி என்று முகம் சுளித்தாலோ அன்று வேகமாகத் திரும்பும் பயிற்சிகள் அவருக்கு வேண்டாம்.

பெஞ்ச் வீரர்களுக்கான நாள்

26 பேரில் 11 பேர் தொடங்கி, ஐந்து மாற்றங்களும் நடந்தால் 10 பேர் களமிறங்கவே இல்லை: இரண்டு கோல்கீப்பர்கள், எட்டு வெளிக்கள வீரர்கள். ஆட்டத்துக்கு மறுநாள் எல்லோருக்கும் ஓய்வு என்று அறிவித்தால், அந்த எட்டுப் பேர் முந்தைய நாளின் லேசான பயிற்சி, ஆட்ட நாளின் வார்ம்-அப், மறுநாள் ஓய்வு என்று மூன்று நாள் ஓடாமல் இருப்பார்கள். இரண்டு ஆட்டம் இப்படிப் போய், தகுதி உறுதியானதும் மூன்றாம் ஆட்டத்தில் அவர்களை இறக்கினால், பத்து நாள் கழித்து முதல்முறையாக முழு வேகத்தில் ஓடும் கால்கள் அவை. பின்தொடை கிழிய அதைவிட வசதியான நாள் கிடையாது.

ஆட்டம் முடிந்த மைதானத்திலேயே அவர்களை ஓடவிட முடிந்தால் நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் மறுநாள் காலை பயிற்சித் திடலில். 30 நிமிடத்துக்குக் குறைவாக ஆடிய மாற்று வீரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 15 நிமிடம் வார்ம்-அப். பிறகு கோல்கீப்பர்களோடு நாலுக்கு நாலு, 35க்கு 25 மீட்டர் களத்தில், நான்கு நிமிடமாக நான்கு சுற்று, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. திடீர் ஓட்டம், திடீர் நிறுத்தம் இரண்டும் இதில் நிறையக் கிடைக்கும், ஆனால் வேக ஓட்டம் கிடைக்காது. களம் சிறியது, யாரும் 25 கி.மீ.யை எட்டுமுன் கோடு வந்துவிடும். சின்னக் களத்தில் வியர்த்ததைப் பார்த்து “போதும், நன்றாக ஓடினார்கள்” என்று பயிற்சியை முடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

அதனால் அடுத்து 80 மீட்டர் ஓட்டம் எட்டு தடவை, ஒவ்வொன்றும் 12 முதல் 13 நொடி, நடந்தே திரும்பி வரும் இடைவெளி. சராசரி வேகம் மணிக்கு 23 கி.மீ. அளவில் வரும். 20 கி.மீ.க்கு மேல் ஓடிய தூரம் 450 மீட்டர் அளவுக்குச் சேரும். கடைசியாக 30 மீட்டரில் வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடக்கும் ஸ்பிரிண்ட் மூன்று, நடுவில் இரண்டு நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு. நேரலையில் வேகத்தைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தொட்டவர் நிறுத்திக்கொள்ளலாம், தொடாதவர் இன்னொன்று ஓடலாம். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தால் 80 மீட்டர் ஓட்டத்தை நான்காகக் குறையுங்கள், ஸ்பிரிண்டை விடாதீர்கள்.

60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு அன்று 20 நிமிட சைக்கிளோ நீச்சல் குளமோ போதும். தசையின் சர்க்கரை இருப்பு நிரம்பவே 48 முதல் 72 மணி நேரம் ஆகும், எனவே இரண்டாம் நாளும் அவர்களுக்கு இலகுதான். ஆட்டத்துக்கு முந்தைய நாள் எல்லோரும் சேர்ந்து 45 நிமிடம்: செட்-பீஸ் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை), சின்ன ரோண்டோ (வட்டமாக நின்று, நடுவில் இருப்பவரிடம் சிக்காமல் பந்தைக் கடத்துவது), இரண்டு குறுகிய ஸ்பிரிண்ட்.

120 நிமிடம், வெயில், உயரம்

2018இல் குரோஷியா டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் 120 நிமிடம் ஆடியது. அரையிறுதிக்குப் பின் பிரான்ஸைவிட ஒரு நாள் ஓய்வும் குறைவு. இந்த நிலையில் மறுநாள் பயிற்சித் திட்டம் எழுதுவதற்கு முன்பே சமையலறைக்குச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த முதல் நான்கு மணி நேரம், எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 கிராம் மாவுச்சத்து. 78 கிலோ வீரருக்கு மணிக்கு 78 கிராம். உடைமாற்றும் அறையிலேயே சாதம், பாஸ்தா, பழச்சாறு தயாராக இல்லாவிட்டால் ஊடகப் பேட்டி, ஊக்கமருந்துச் சோதனை, பேருந்து என்று இரண்டு மணி நேரம் பறந்துவிடும். ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைக்கப்பட்டவருக்கு உணவுப் பொட்டலத்தை கையோடு கொடுத்தனுப்புங்கள்.

வியர்வைக் கணக்கு எளிது. ஆட்டத்துக்கு முன் எடை, பின் எடை, இரண்டும் வியர்வையைத் துடைத்துவிட்டு உள்ளாடையோடு. குறைந்த எடையோடு குடித்த நீரைக் கூட்டி, சிறுநீரைக் கழித்தால் வியர்த்த அளவு. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 78 கிலோவுக்கு அது ஏறக்குறைய 1.6 கிலோ. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், உப்புள்ள உணவோடு, பல மணி நேரத்தில் பரப்பிக் கொடுங்கள்.

2014 பிரேசிலில் காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்த குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் குளிர்விக்கும் இடைவேளை தரலாம் என்றிருந்தது. ஃபோர்டலேசாவில் நடந்த நெதர்லாந்து–மெக்சிகோ ஆட்டத்தில் அது கொடுக்கப்பட்டது. 2026 போட்டிக்கு, வானிலை எதுவானாலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிட நீர் இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்தது. அளவிடுபவர்கள் அந்த மூன்று நிமிடங்களைக் கோப்பிலிருந்து தனியே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் நிமிடத்துக்கு ஓடிய தூரம் பொய்யாகக் குறையும், பழைய போட்டிகளோடு ஒப்பிடுபவர் ஏமாறுவார்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் மேலே. அங்கே ஒரு ஸ்பிரிண்ட்டுக்குப் பின் மூச்சு திரும்ப நேரமாகும், மொத்தத் தூரம் குறையும், இதயத் துடிப்பு ஏறும். அதைக் களைப்பு என்று வாசித்து வீரரை உட்கார வைக்காதீர்கள். அங்கே நடந்த பயிற்சியோடு மட்டுமே அங்கே நடந்த ஆட்டத்தை ஒப்பிடுங்கள்.

அறிக்கையும் அதற்குப் பின்னும்

தலைமைப் பயிற்சியாளருக்கு ஒரு பக்கம் போதும். பெயர், மூன்று நிறங்களில் ஒன்று, அதன் எதிரே ஒரே வாக்கியம்: “நாளை 45 நிமிடம் மட்டும், ஸ்பிரிண்ட் வேண்டாம்.” எண்கள் பின்பக்கத்தில். சிவப்பு என்றால் ஆடக்கூடாது என்று பொருள் இல்லை. அந்த முடிவு மருத்துவரும் பயிற்சியாளரும் எடுப்பது. தினமும் எட்டுப் பேரைச் சிவப்பாக்கும் ஆய்வாளரின் காகிதத்தை நான்காம் நாள் யாரும் திறக்க மாட்டார்கள்.

தூர வரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் வீரர்கள் பயிற்சியில் தேவையில்லாமல் ஓடி எண்ணைக் கூட்டிக்கொள்வார்கள். அவரவர் எண்ணை அவரவருக்குக் காட்டுங்கள். கத்தாரில் ஃபிஃபா வெளியிட்ட வீரர் செயலியும் அவரவர் ஆட்டக் கணக்கை அவரவர் கைக்கே கொண்டுசேர்த்தது.

அணி வெளியேறிய மறுநாளே கிளப்புகளுக்குக் கோப்பு போய்ச் சேர வேண்டும். ஆடிய நிமிடங்கள், நாள்வாரியாக 20 கி.மீ.க்கு மேல் ஓடிய தூரம், 90 சதவீத வேகத்தைக் கடைசியாகத் தொட்ட தேதி, பயன்படுத்திய கருவி, வரம்புகள். நீங்கள் அவர்களிடம் கேட்ட அதே வடிவத்தில் கொடுங்கள். தூக்கம், மன அழுத்தம் பற்றிய பதில்களையும் காயக் குறிப்புகளையும் வீரர் ஒப்புதல் தந்தால் மட்டும், மருத்துவரிடமிருந்து மருத்துவருக்கு அனுப்புங்கள். பிறகு பொதுக் கணினியிலும் டேப்லெட்டுகளிலும் மிச்சமிருக்கும் பிரதிகளை அழித்துவிட்டு, கருவிகளைப் பாதி மின்னேற்றத்தில் பெட்டியில் வையுங்கள். முழுதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி மறுபடி எழாது.